நான்கு வெள்ளிக்கிழமை நூடுல்ஸ் சூப்

துபாயின் தேராவில் நைஃப் பக்கம், சூட்கேஸ் கடைகளும் கடிகாரக் கடைகளும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் ஒரு சந்தில் அந்தச் சீனக்காரர் கடை இருந்தது. ஆறு மேசைகள், மூலையில் ஒரு வாஷ்பேசின், பின்னால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அடுப்பு. வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு சீன முஸ்லிம் அங்கே நின்று மாவை இரண்டு கையாலும் இழுத்து, பலகையில் அறைந்து, மடித்து, மறுபடி இழுப்பார். ஏழெட்டு இழுப்பில் அது நூல் நூலாகப் பிரிந்துவிடும். கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்துக் கிண்ணத்தில் வைத்து, மாட்டெலும்புச் சாறு ஊற்றி, முள்ளங்கி வில்லை, நாலு துண்டு கறி, கொத்தமல்லி, மேலே ஒரு கரண்டி மிளகாய் எண்ணெய். கடையில் கிடைப்பது அது ஒன்றுதான். வேறு எது கேட்டாலும் மாஃபி, இல்லை என்று கையை விரிப்பார்.

நான் அந்தக் கடைக்கு நான்கு வெள்ளிக்கிழமை போனேன். ஒரு தடவைகூடப் பசிக்காகப் போகவில்லை. என் பாஸ்போர்ட்டை வைத்திருந்த மனிதர் அங்கே சாப்பிட வருவார், அதனால் போனேன்.

ஊரில் அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரம் இரண்டு தடவை மதுரைக்குக் கூட்டிப்போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். மாற்றுக் கிட்னி வைத்தால்தான் பிழைப்பாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்குச் சர்க்கரை. அத்தானின் ரத்தம் சேரவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவர்கள். மிச்சம் நான் ஒருவன். எனக்கும் அவளுக்கும் ஒரே ரத்தம் என்பது சின்ன வயதில் ஒரு மெடிக்கல் கேம்பில் பார்த்ததிலிருந்து தெரியும். ஆளைக் கூட்டி வாருங்கள், டெஸ்ட் எடுத்துவிட்டுச் சொல்கிறேன், ரொம்ப நாள் தள்ளக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை அத்தான் ஃபேக்ஸில் அனுப்பினார்.

அனுப்பினாரே தவிர, நான் வருவேன் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. "வர்றேன் வர்றேன்னு சொல்லிட்டு வேற நாட்டுக்குப் போயிறாதீங்க மாப்ள," என்றார் போனில். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஓமானில் சலாலாவில் இளநீர்க் கடை, குவைத்தில் ஃபர்வானியாவில் கட்டடம் துடைக்கும் வேலை, மங்காஃபில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்ப்பு. எங்கேயும் இரண்டு வருஷம் முழுதாக இருந்ததில்லை. சித்தப்பா மகள் கல்யாணம், அப்பா திவசம் என்று வீட்டில் கூப்பிட்ட எதற்கும் நான் போய்ச் சேர்ந்ததில்லை. அக்கா மட்டும்தான் ஒரு நாளும் ஏன் வரவில்லை என்று கேட்காதவள்.

அப்போது துபாயில் ஒரு சீனக் கம்பெனியில் சாரம் கட்டும் ஸ்காஃபோல்டிங் வேலையில் இருந்தேன். சேர்ந்து எட்டு மாதம். இரண்டு வருஷம் முடிந்தால்தான் லீவு. எமர்ஜென்சி லீவு கேட்டுக் கேம்ப் ஆபீசில் கடிதம் எழுதிக் கொடுத்தேன். கேம்ப் பாஸ், எங்கள் தங்குமிடத்துக்குப் பொறுப்பானவர், மலையாளி, நல்ல மனிதர், மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார்.

"எங் கையில ஒண்ணும் இல்ல. பாஸ்போர்ட் எல்லாம் மேனேஜர் பெட்டியில இருக்கு. போன வருஷம் ரெண்டு பேரு அம்மாவுக்கு சீரியஸ்னு சொல்லிப் போனான், திரும்பி வரல. அதுக்கப்புறம் மேனேஜர் லெட்டர் பாக்கறதே இல்ல. நேர்ல போய்க் கேளு."

நேரில் போக ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி விடவில்லை. கவர்ஆல் வேலையுடை போட்டவனுக்கு அந்தக் கண்ணாடிக் கதவு திறக்காது. இரண்டாவது கடிதம் கொடுத்தேன், மூன்றாவது கொடுத்தேன். பாஸ்போர்ட் இல்லாமல் ஓடிப்போய்த் தூதரகத்தில் விழலாம் என்று ரூமில் சிலர் சொன்னார்கள். அப்படி விழுந்தவர்கள் மாதக்கணக்கில் காத்துக்கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஃபேக்ஸ் வந்தது நைஃபில் சூட்கேஸ் கடை வைத்திருந்த ஒரு கீழக்கரைக்காரர் கடைக்கு. அவர்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள். சலாலாவிலிருந்தே நானும் அவரை அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம். மூன்று கடிதமும் கொடுத்துப் பலன் இல்லாமல் போன பிறகு அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கம்பெனிப் பெயரைக் கேட்டுவிட்டுக் கண்ணைச் சுருக்கினார்.

"அந்தப் பேரு கதவுல எழுதின வெள்ளை வண்டியா? குட்டையா, தங்க ஃப்ரேம் கண்ணாடி போட்ட சீனாக்காரனா? ஒவ்வொரு வெள்ளியும் ஜும்மா தொழுகை முடிஞ்ச கையோட எதுத்த கடையில உக்காந்து சூப்பு உறிஞ்சிட்டுல்ல இருக்கான்."

செக்யூரிட்டி இல்லாத இடம், கதவு எல்லோருக்கும் திறந்த இடம்.

"ஆனா ஒண்ணு தம்பி. சாப்புடுறப்ப போய் நிக்காத. வயித்துக்குப் போறத மறிச்சா எவனுக்கும் கோவம் வரும். சாப்ட்டு எந்திரிக்கட்டும். கை கழுவ வருவான்ல, அப்பப் புடி."

இதை அவர் சொல்ல வேண்டியதே இல்லை. எங்கள் பக்கத்தில் கடன் வாங்கினவனைத் தேடி வந்தவன்கூட, அவன் சாப்பிடுகிறான் என்று தெரிந்தால் வெளியே வெயிலில் நிற்பான். சோற்றில் கை வைத்திருப்பவனிடம் எதையும் கேட்கக் கூடாது, எந்தச் சேதியும் சொல்லக் கூடாது. அது புத்தி சொல்லி வந்த பழக்கம் இல்லை. உடம்பிலேயே இருக்கிறது.

முதல் வெள்ளிக்கிழமை கேம்ப் பஸ்ஸில் வந்து இறங்கி, ஜும்மா முடிந்து கடை திறந்ததுமே போய் உட்கார்ந்தேன். சும்மா உட்கார முடியாது என்று ஒரு கிண்ணம் சொன்னேன். மாட்டுக் கறி. நான் சாப்பிடுவேனா என்று கடையில் யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. குச்சி பிடிக்கத் தெரியாது. கரண்டியில் ஏறின நூடுல்ஸ் வாய்க்கு வருவதற்குள் வழுக்கிச் சூப்பில் விழுந்தது. சட்டையில் மிளகாய் எண்ணெய்.

மேனேஜர் இன்னும் இரண்டு பேரோடு வந்தார். எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்தார். கிண்ணத்தை வாய்க்குக் கிட்டே தூக்கிக்கொண்டு சத்தமாக உறிஞ்சிச் சாப்பிட்டார். நடுவில் ஒரு சீனப் பையன், ஆபீசில் வேலை பார்க்கிறவன் போல, உள்ளே வந்து நேரே அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ தாளை நீட்டினான். அவர் மென்றுகொண்டே படித்தார். குச்சியைக் கிண்ணத்தின் மேல் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பையன் போய்விட்டான். விவஸ்தை கெட்டவன், ஒரு மனிதனை நிம்மதியாகச் சாப்பிட விடுகிறானா பார் என்று எனக்கு அவன்மேல் கோபம் வந்தது.

மேனேஜரின் கிண்ணத்தில் சூப் அடிமட்டத்துக்கு வந்ததைப் பார்த்ததும் நான் எழுந்தேன். டாக்டர் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாஷ்பேசின் பக்கத்தில் போய் நின்றேன். கையைக் கழுவிவிட்டுத் துடைக்கிறபோது, "சார், ஒன் மினிட்" என்று ஆரம்பிக்க வேண்டும். ஆங்கிலத்தில் நாலு வரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

அவர் கை கழுவ வரவில்லை. டிஷ்யூ பேப்பரில் வாயைத் துடைத்தார், எழுந்தார், கதவைத் திறந்துகொண்டு போனார். குச்சியில் சாப்பிட்டவருக்குக் கையில் என்ன இருக்கிறது கழுவ? வாசலில் வண்டி ஸ்டார்ட்டிலேயே நின்றது. நான் மேசைகளை இடித்துக்கொண்டு வெளியே வருவதற்குள் சந்து முனையில் திரும்பிவிட்டது.

காக்கா கடையில் போய்ச் சொன்னேன். அவர் கையில் வைத்திருந்த பூட்டைக் கீழே வைத்தார்.

"கை கழுவாமயா போய்ட்டான்?"

"ஆமா காக்கா."

"சாப்ட்ட மனுசன் கை கழுவாம எப்டிப்பா போவான்?" திரும்பத் திரும்ப அதையே கேட்டார். பிறகு, "சரி. அடுத்த வாரம் வாசல்ல நில்லு," என்றார்.

அந்த வாரம் முழுக்கச் சாரத்தில் ஏறி நிற்கும்போது எனக்கு அந்த டிஷ்யூ பேப்பர்தான் கண்ணில் நின்றது. ராத்திரி டூட்டி முடிந்தவர்கள் வரிசையில் நின்று போன் பேசும் கடையில் நானும் நின்று அக்காவிடம் பேசினேன்.

"லீவு குடுக்கலைன்னா விடுடா. ஓடி கீடி வந்து போலீஸ்ல மாட்டிக்கிறாத," என்றாள். குரலில் காற்று போதவில்லை. "இங்க ஒண்ணும் அவசரம் இல்ல. பக்கத்து பெட்ல ஒரு அம்மா மூணு வருசமா இப்படியே ஓட்டுதாம்."

அவசரம் இல்லை என்று அவள் சொன்ன விதத்திலேயே அவசரம் தெரிந்தது.

இரண்டாவது வெள்ளிக்கிழமை கடைக்குள்ளே போகவில்லை. சமையல்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து வா என்று தலையசைத்தார். நான் அப்புறம் என்று சைகை காட்டிவிட்டு வாசலில் நின்றேன். ஜூலை மாத வெயில். ஏசி மெஷினின் சூடான காற்று முதுகில் அடித்தது. உள்ளே மேனேஜர் நாலு விருந்தாளிகளோடு உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டு முடித்த பிறகும் டீ ஊற்றி ஊற்றிக் குடித்தார்கள். டீயும் சாப்பாட்டில்தான் சேர்த்தி என்று நான் நின்றேன். ஒரு மணி நேரம் இருக்கும். வெளியே வந்தபோது அவர் காதில் மொபைல் இருந்தது. "சார்" என்றேன். கடிதத்தை நீட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, தாளைத்தான் பார்த்தார்.

"ஆபீஸ், ஆபீஸ்," என்று கையை ஆட்டிக்கொண்டே வண்டியில் ஏறிவிட்டார்.

காக்கா கடைக்குப் போனேன். சாப்பிட்டியா என்று கேட்டார். இல்லை என்றேன். எதிர்க் கடையிலிருந்து ஒரு கிண்ணம் வரவழைத்து, சூட்கேஸ்களுக்கு நடுவில் ஸ்டூலில் வைத்தார். கரண்டியை எடுத்துக் கிளறிக்கொண்டே இருந்தேன். நூடுல்ஸ் ஊறி ஊறிக் கிண்ணத்தை நிறைத்துக்கொண்டே வந்தது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை மேனேஜர் வரவே இல்லை. நான் இரண்டு மணி வரை பார்த்தேன், மூன்று மணி வரை பார்த்தேன். கடையில் ஆள் குறைந்துவிட்டது. சமையல்காரர் கையில் ஒட்டிய மாவைத் தேய்த்துக்கொண்டே வந்து என் எதிரில் உட்கார்ந்தார். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. தமிழும் தெரியாது, இந்தியும் தெரியாது. குர்ஆன் ஓத உட்கார்ந்து படித்த அரபியும் கடைத்தெரு அரபியும் கொஞ்சம் தெரியும். என்னிடமும் அதில் ஒரு நூறு சொல் இருந்தது.

மேனேஜர் எங்கே என்று கேட்டேன். சீனா போயிருக்கிறார், அடுத்த வெள்ளி வருவார் என்றார். பிறகு என் கடிதத்தைக் காட்டி, இதை ஏன் அவரிடம் கொடுக்கவில்லை என்று கேட்டார். மூன்று வாரமாக அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நின்றேன் என்றேன்.

சமையல்காரருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். கையால் வாய்க்கு ஊட்டுவது போலக் காட்டி, அது முடிந்த பிறகு பேச்சு என்று காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்து மேசையிலிருந்த காலிக் கிண்ணம் ஒன்றை எடுத்து எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்தார்.

"அகல், கலாம்," என்று கிண்ணத்தைத் தட்டினார். சாப்பாடு, பேச்சு. பிறகு கிண்ணத்தைத் தூக்கி ஓரமாக வைத்தார். "பாதேன், கலாஸ்." அப்புறம், முடிந்தது.

சீனாக்காரர்களுக்குள் யாரும் ஒரு காரியம் பேச வேண்டுமென்றால் கிண்ணம் முன்னால் இருக்கும்போதுதான் பேசுவார்கள் என்று எனக்கு விளங்க வைக்க அவர் ரொம்பச் சிரமப்பட்டார். கிண்ணம் காலியானால் எழுந்து போக வேண்டியதுதான். எழுந்தவனைப் பிடித்து நிறுத்துவதுதான் மரியாதைக் குறைவு. அந்தப் பையன் தாளோடு வந்து உட்கார்ந்தது எனக்கு ஞாபகம் வந்தது. என் கண் முன்னாலேயே, இரண்டு மேசை தள்ளி, செய்து காட்டிவிட்டுப் போயிருக்கிறான். நான் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் ஊருக்குப் பேசினபோது அத்தான்தான் எடுத்தார். அக்காவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் என்றார். ஊசி போட்ட இடத்தில் சீழ் பிடித்திருக்கிறது, பெட்டில் சேர்த்திருக்கிறார்கள். வேறு எதுவும் கேட்கவில்லை. எப்போது வருகிறாய் என்று கேட்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான்காவது வெள்ளிக்கிழமை மேனேஜர் தனியாக வந்தார். கிண்ணம் வந்தது. அவர் முதல் வாய் உறிஞ்சுகிற வரைக்கும் நான் என் மேசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க உடம்பு வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் சமையல்காரர் மாவைப் பலகையில் ஓங்கி அறைந்தார். போய் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். காது இரண்டும் சூடேறிவிட்டது. யாரோ ஒருவருடைய இலையில் கை வைத்த மாதிரி இருந்தது.

"சார், ஐ ஆம் யுவர் கம்பெனி. மை சிஸ்டர் ஹாஸ்பிடல்."

அவர் முகம் சுளிக்கவில்லை. வாயில் தொங்கின நூடுல்ஸை உள்ளே இழுத்துக்கொண்டே உள்ளே பார்த்து ஏதோ சொன்னார். எனக்கும் ஒரு கிண்ணம் வந்து இறங்கியது.

"ஈட். டாக்," என்றார்.

கடிதத்தைக் கொடுத்தேன். கிண்ணத்தின் மேலேயே வைத்துப் படித்தார். ஒரு சொட்டுச் சூப் டாக்டர் கையெழுத்தின்மேல் விழுந்தது.

"கிட்னி? யூ கிவ்?"

"யெஸ் சார்."

"லாஸ்ட் இயர் டூ மேன். மதர் சிக், மதர் சிக். கோ. நோ கம் பேக்."

"ஐ கம் பேக் சார். ப்ராமிஸ்."

அவர் நிமிர்ந்தார். முதல் தடவையாக முகத்தைப் பார்த்தார். "ஒன் கிட்னி, ஸ்காஃபோல்டிங் நோ குட்," என்றார். "யூ நோ கம் பேக். இட்ஸ் ஓகே." மொபைலை எடுத்து யாரிடமோ சீன மொழியில் இரண்டு வரி பேசினார். "டுமாரோ, கேம்ப் ஆபீஸ். பாஸ்போர்ட்."

இவ்வளவுதான். மென்று விழுங்குகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய் எண்ணெய் என்று அவர் நினைத்துக்கொண்டு டிஷ்யூ டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

"ஒய் யூ நோ டெல் பிஃபோர்?" என்றார். "டூ ஃப்ரைடே ஐ சீ யூ. ஸ்டேண்டிங் தேர்." வாஷ்பேசினையும் வாசலையும் குச்சியால் காட்டினார். "ஐ திங்க், திஸ் இந்தியன் லைக் நூடுல்."

அவர் போன பிறகு கிண்ணத்தில் இருந்தது முழுவதையும் சாப்பிட்டேன். மீதி வைக்கப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை பாஸ்போர்ட் கைக்கு வந்தது. திங்கட்கிழமை மதுரையில் இருந்தேன். அக்காவின் முகம் ஊதி, கண் சிறுத்து, வேறு யாரோ மாதிரி இருந்தாள். என்னைக் கண்டதும் அத்தான் எழுந்து நின்று, இடத்தை எனக்கு விட்டார். டெஸ்ட் எல்லாம் எடுத்தார்கள். எல்லாம் பொருந்தியது. ஆனால் காய்ச்சல் நெஞ்சுக்குப் போய்விட்டது. அது தெளியாமல் கத்தி வைக்க முடியாது என்றார் டாக்டர்.

"ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா?" என்று அவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி வந்திருந்தா டெஸ்ட் முடிச்சு ஆபரேஷன் அனுமதிக்குப் பேப்பர் போட்டிருக்கலாம். அதுக்கு மேல ஆயிருக்குமா ஆகாதான்னு நான் சொல்ல முடியாது."

ஒரு நாள் மத்தியானம் அத்தான் மாத்திரை வாங்கப் போயிருந்தபோது அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாஷ்பேசின் பக்கத்தில் கடிதத்தோடு நின்றதைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, நர்ஸ் வந்து என்னைத் திட்டினாள். நர்ஸ் போனதும் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"பின்ன என்னடா. வாயில வச்சிக்கிட்டு இருக்கிற ஆளுகிட்ட எப்படிப் போய் நிப்ப? நானா இருந்தாலும் அப்படித்தான் நின்னுருப்பேன்."

அவள் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

நான் வந்த இருபத்துநாலாம் நாள் அக்கா இறந்துபோனாள். காரியம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அத்தான் பந்தல் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மொட்டை போட்ட தலையைத் தடவிக்கொண்டே, கோபம் இல்லாமல்தான் கேட்டார்.

"ஏன் மாப்ள, லெட்டர் வந்த ஒடனே அந்த ஆளப் பாத்து நேராக் கேட்டுருக்கலாம்ல?"

"பெரிய ஆளு அத்தான். பாக்கவே முடியாது. ஆபீஸ் வாசல்லயே நிறுத்திருவாங்க," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அதுவும் சரிதான்," என்றார்.

துபாய்க்குத் திரும்பவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி சலாலாவுக்கு ஒரு விசா வந்தது. அதற்கு முன்னால் மெடிக்கல் எடுக்க வேண்டும். ஏஜென்ட் சொன்ன ஆஸ்பத்திரியில் ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தவர் திரையைப் பார்த்துக்கொண்டே இரண்டு கிட்னியும் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். ஃபிட் என்று முத்திரை குத்தின தாளைச் சாயங்காலம்தான் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.